சொன்னவர் யார், கேட்டவர் யார்

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும் எங்கள் சைட் மேடம் அதன்மேல் அன்றைய பேப்பரை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் ஜல்லிக்கல் வைத்து, போட்டோ எடுப்பார். எந்தத் தேதியில் எந்தக் கம்பி எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பது பின்னால் தெரிய வேண்டுமாம். "போன்லயே தேதி வருதே மேடம்" என்று ஒருமுறை கேட்டேன். "போன்ல தேதியை மாத்திடலாங்க. பேப்பர்ல மாத்த முடியுமா?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பழைய பேப்பரை வெச்சும் எடுக்கலாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். அடுத்த நாளிலிருந்து போட்டோவில் பேப்பரும் இருந்தது, போனின் தேதியும் இருந்தது, பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை மேஸ்திரியும் நின்றார்.

"இன்னா மேடம், என்னைப் புடிச்சுக் குடுக்கப்போற மாதிரி நிக்க வெச்சிக்கினு" என்று மேஸ்திரி முணுமுணுப்பார். ஆனாலும் முண்டாசைச் சரிசெய்துகொண்டுதான் நிற்பார். போட்டோ எடுத்து முடித்ததும் பேப்பர் அவருக்கு. டீ வரும்வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நாட்டு நடப்பைப் பற்றி எங்களுக்குத் தீர்ப்பு சொல்வார்.

நான் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். செங்கம் ரோட்டிலிருந்து வேங்கிக்கால் வரை எழும்பிய கட்டடங்களில் பாதியில் என் வயர்தான் ஓடுகிறது என்று பெருமையடித்துக்கொள்வேன். என் மனைவி அதிலும் பாதியைக் கழித்துக்கொள்வாள். அப்படி ஓடிய கட்டடங்களில் ஒன்று, ஆசிரமத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கட்டிய லாட்ஜ். அந்த வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருந்தவர்தான் இவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். வெயிலோ மழையோ ஆம்பளைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடப்பார். நேரில் எல்லோருக்கும் மேடம். முதுகுக்குப் பின்னால் எஃப்.ஐ.ஆர். மேடம்.

அந்தப் பட்டம் வந்ததற்குக் காரணம், சாயங்கால வாசிப்பு. கூலியாட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று அன்றைக்கு எழுதிய பக்கத்தை உரக்கப் படிப்பார். எத்தனை பேர் வந்தார்கள், என்ன சரக்கு இறங்கியது, மழை எப்போது பிடித்து எப்போது விட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். எல்லா சைட்டிலும் ஏதோ ஒரு நோட்டில் இதைக் கிறுக்குவார்கள்தான். இவருடையதில் கூடுதலாக ஒன்று உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதற்குச் சொன்னவர் ஒருவர் இருப்பார், கேட்டவர் ஒருவர் இருப்பார். "இரண்டாம் மாடி ஜன்னலை மலை தெரிகிற பக்கம் தள்ளி வைக்கச் சொன்னவர் ஓனர். கேட்டவர் நான். கூட இருந்தவர் மேஸ்திரி." இப்படியே போகும். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்ப்பார்.

"தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு சொன்னா நாளைக்குப் பக்கத்துலதான் எழுதுவேன்."

யாரும் சொல்ல மாட்டோம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவோம்.

நான் ஒருநாள் வழக்கம்போல "நாளைக்கு வந்து முடிச்சிடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் தொழிலில் நாளைக்கு என்றால் நாளைக்கு என்று அர்த்தமில்லை, அது ஒரு வணக்கம் மாதிரி. சாயங்காலப் பக்கத்தில் அதைத் தேதியோடு எழுதி என் முன்னாலேயே படித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து முடித்துக் கொடுத்தேன். முடித்ததையும் எழுதினார். "வயரிங்காரர் சொன்னபடி வந்தார்" என்று அவர் படித்தபோது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கைதட்டு வாங்கியது போல இருந்தது.

அந்த ஓனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் யார் பேச்சையும் கேட்டுவிடுகிறவர். வாஸ்து பார்க்கிறவர் ஒன்று சொல்வார், மச்சான் ஒன்று சொல்வார், ஆசிரமத்துக்கு வருஷா வருஷம் வந்து தங்கிப் போகிற வெள்ளைக்காரர் ஒன்று சொல்வார். எல்லாம் அடுத்த நாள் காலையில் சைட்டில் உத்தரவாக வந்து இறங்கும். ஒரு தடவை ரூம்களில் கட்டில் பக்கத்து சுவிட்ச் பாக்ஸை வலது கைப்பக்கம் வைக்கச் சொன்னார். வைத்தேன், பூசியும் ஆகிவிட்டது. பிறகு வந்து பார்த்து, "நான் இடது பக்கம்தானே சொன்னேன், யாரைக் கேட்டு வெச்சே?" என்று குதித்தார். மாடி முழுக்கச் சுவரைக் குடைய வேண்டியிருக்குமே என்று ரூம்களை எண்ண ஆரம்பித்தேன். மேடம் நோட்டைப் புரட்டி, எந்த உணர்ச்சியும் இல்லாமல் படித்துக் காட்டினார். கீழே ஓனரின் கையெழுத்து, தேதியோடு. அவர் முகம் சுருங்கிப்போனது. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"நல்லா மாட்டினாரு. இப்படியா மேடம் பொய் சொல்வாங்க?" என்றேன் நான், உயிர் பிழைத்த சந்தோஷத்தில்.

"பொய்யின்னு சொல்லாதீங்க. அவர் நிஜமாவே இடதுன்னு நம்பிட்டிருக்கார். பொய் சொல்றவங்க கம்மிங்க. மறந்துட்டு சண்டை போடறவங்கதான் ஜாஸ்தி."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் நன்றி சொல்லிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கத் தோன்றவில்லை. இன்றைக்கு என்னைக் காப்பாற்றிய நோட்டு நாளைக்கு என்னைப் பற்றி என்ன சொல்லுமோ என்றுதான் மனசு போயிற்று. எல்லோருக்கும் அப்படித்தான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சித்தாள் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து குழம்பைப் பரிமாறிக்கொண்டு, ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேடம் டிபன் பாக்ஸோடு அந்தப் பக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடும். "வாயை மூடுங்கடி, எழுதிடும்" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "அய்யோ, இதையெல்லாம் எழுத மாட்டேங்க" என்று சிரித்தபடி சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், மரியாதைக்கு. அவர் உட்காராமல், மேலே போகிற மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படிதான் அவருக்கு.

அவர் வீட்டைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு வீட்டு மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தார் என்பது மட்டும் தெரியும். கல்யாணம் ஆனவரா என்று எங்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஒருநாள் கரண்ட் போய், டிரில் நின்று, நானும் அவரும் மட்டும் மூன்றாம் மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. நான்தான் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆச்சுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாம்னு மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்க. எங்க அப்பா, மாமனார், எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னாங்க. அப்புறம் அப்படி சொல்லவே இல்லைன்னாங்க. எங்க அப்பாவே, சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையேம்மான்னுட்டார்."

மலைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அதையும் எழுதி வாங்கியிருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கரண்ட் வந்ததும் டிரில்லை எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பௌர்ணமிக் கதை.

எங்கள் ஊரில் கட்டட வேலை செய்கிறவனுக்குப் பஞ்சாங்கம் தெரிய வேண்டும், முக்கியமாகப் பௌர்ணமி. அன்றைக்குக் கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தில் லாரி என்ன, சைக்கிள்கூட உள்ளே நுழையாது. லாட்ஜ் இருந்ததோ கிரிவலப் பாதையை ஒட்டின தெருவில். அதனால் பௌர்ணமிக்கும் அதை ஒட்டின நாளுக்கும் தளம் போடுகிற வேலையை யாரும் வைக்க மாட்டோம். தளம் போட ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். பாதியில் நின்று, போட்டது இறுகி, அப்புறம் மீதியைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. அந்த இணைப்பு வழியாக என்றைக்காவது தண்ணீர் இறங்கும்.

மேல்தளம் போட ஓனரின் ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள், சரியாகப் பௌர்ணமி. அதைவிட்டால் அந்த மாசம் நாளே இல்லை என்றுவிட்டாராம். காண்ட்ராக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் காலண்டரைப் பார்த்தார். பௌர்ணமி சாயங்காலம்தான் பிறக்கிறது, அதற்குப் பிறகுதான் கூட்டம் சேரும், காலையிலேயே கான்கிரீட் லாரிகள் வந்துவிட்டால் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

ஏழுமலை மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "வேணாம் மேடம். பௌர்ணமி எப்ப பொறக்குதுன்னு ஜனங்க பாக்கறது கெடையாது. நாயித்துக்கெழம வேற. காலைலயே வந்து குமிஞ்சுடுவாங்க."

"சாயங்காலத்துக்கு மேலதான் மேஸ்திரி நடப்பாங்க. மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் மேடம்.

நானும் அங்கேதான் இருந்தேன், தளத்துக்குள் பைப் பதித்துக்கொண்டு. மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று பட்டது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

காலையில் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, முதல் லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. இரண்டாவது லாரியைப் பைபாஸிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டம் காலையிலேயே வந்துவிட்டது என்று போலீஸ் தடுப்பைப் போட்டுவிட்டது. காண்ட்ராக்டர் போன்மேல் போன் போட்டார், ஓனர் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களையெல்லாம் கூப்பிட்டார். தெருமுனையில் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இறங்கின ஜனம் வெறுங்காலோடு ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அந்த ஜனத்துக்கு நடுவில் எந்த அமைச்சர் சொல்லி எந்த லாரியை விடுவார்கள்? மேஸ்திரி மட்டும் தளத்துக்கு ஏறினார். போட்ட கான்கிரீட் எந்த இடத்தில் நிற்கலாமோ அந்த இடத்தில் குறுக்கே பலகை அடித்து, நேராக நிறுத்தி, பிறகு போடுவது ஒட்டிக்கொள்ள விளிம்பைச் சுரண்டி வைத்தார். மீதித் தளத்தைக் கூட்டம் கலைந்த பிறகுதான் போட முடிந்தது.

அன்று சாயங்காலமும் வாசிப்பு நடந்தது. தொட்டிப் பக்கத்தில் எப்போதும் போல நின்றார்.

"நாள் குறித்துச் சொன்னவர் ஓனர். பௌர்ணமியில் வேண்டாம் என்று சொன்னவர் மேஸ்திரி. மதியத்துக்குள் முடியும் என்று சொன்னது நான். என் கணிப்பு தப்பு. லாரி வராததால் தளம் பாதியில் நின்றது. மேஸ்திரி பலகை கட்டி முறையாக நிறுத்தினார்."

தப்பு என்று எழுதி, அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுப் படிக்கிற இன்ஜினியரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சித்தாள் பெண்கள்கூடக் கிளம்பாமல் நின்றார்கள். வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். காண்ட்ராக்டரும் கோபத்தோடு போட்டார். ஓனரிடம் மறுநாள் காலையில் நீட்டியபோது அவர் படிக்காமலேயே போட்டுவிட்டு ஜோசியருக்குப் போன் செய்யப் போனார்.

லாட்ஜ் திறந்து, வாடகைக்கு ஆள் வந்து, எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஐப்பசி மழை பிடித்ததும் மேல்மாடி ரூம்களில் கூரையிலிருந்து சொட்ட ஆரம்பித்தது, பலகை அடித்த இடத்துக்கு நேர் கீழே. தியானம் பண்ண வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி மெத்தையெல்லாம் நனைந்துபோய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போய்விட்டாளாம். ஓனர் ஆடிப்போய்விட்டார். மேஸ்திரி தளத்தை ஒழுங்காகப் போடவில்லை, இடித்துவிட்டு அவன் செலவில் போட்டுக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒருத்தனும் அவனுக்கு வேலை கொடுக்காதபடி பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பௌர்ணமி, லாரி, பைபாஸ் எதுவும் அவர் ஞாபகத்தில் இல்லை. மேஸ்திரி பாதியில் போட்டுவிட்டுப் போனான் என்பது மட்டும் இருந்தது.

மேஸ்திரிக்குச் சொத்து என்று இருந்ததே அந்தப் பேர்தான். அவரை நம்பி அவர் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பேர் போனால் வேனும் போய்விடும். மனுஷன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. பேப்பரை நீட்டினால்கூட வாங்கவில்லை.

ரிட்டயர்டு ஆன அரசாங்க இன்ஜினியர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால், லாட்ஜ் மேல்மாடியில், பக்கத்து ரூமில் நான் நனைந்துபோன ஃபேனை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், மேஸ்திரி வேணாம்னு சொன்ன வரி, நீங்க முடிச்சிடலாம்னு சொன்ன வரி, ரெண்டையும் விட்டுட்டுப் படிங்க. நான் ஒண்ணும் மாத்தி எழுதச் சொல்லல."

"விட்டுட்டுப் படிச்சா அது வேற பக்கங்க."

"நீங்க என் ஸ்டாஃப். உங்க தப்புன்னா அது என் தலையில விடியும். மேஸ்திரி தப்புன்னா அவன் பாத்துக்குவான். நாலு கட்டடம் போட்டா அவன் எழுந்துக்குவான் மேடம். நீங்க இதைப் படிச்சீங்கன்னா உங்களை நான் வெச்சிருக்க முடியாது. உங்களுக்குன்னு யாரு இருக்காங்க? யோசிச்சுப் பாருங்க."

நான் ஸ்டூல்மேல் நின்றபடி ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் குடை விரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் லாட்ஜ் வரவேற்பறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மேஸ்திரி உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம் நின்றார். ஓனர் பேசினார், காண்ட்ராக்டர் பூசி மெழுகினார். ரிட்டயர்டு இன்ஜினியர் எழுதினது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேடம் எழுந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். ஒரு வரியும் விடவில்லை. "என் கணிப்பு தப்பு" என்பதை, அன்றைக்குத் தொட்டிப் பக்கத்தில் படித்த மாதிரியே படித்தார்.

அந்தப் பெரியவர் நோட்டை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானேம்மா? உங்களுக்கு எதிரா நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"எதிரா இல்ல சார். நடந்ததைத்தான் எழுதினேன்."

அவர் நோட்டை மூடிவிட்டு ஓனரைப் பார்த்தார். "தன் தப்பை எழுதி வெச்சவங்க அடுத்தவன் தப்பை மறைச்சிருக்க மாட்டாங்க. மேஸ்திரியை விட்டுடுங்க. நாள் குறிச்ச நீங்களும் சரின்னு சொன்ன காண்ட்ராக்டரும் செலவைப் பாத்துக்கங்க. இடிக்கவும் வேணாம். இணைப்பை வெட்டி அடைச்சு, மேல வாட்டர்ப்ரூஃப் போட்டா சரியாயிடும்."

அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. காண்ட்ராக்டர் சொன்ன சொல் தவறாதவர், அந்த ஒரு விஷயத்தில். வாசலிலேயே மேடத்திடம், "நாளையிலேர்ந்து வரவேணாம்" என்றார். மேடம் தலையாட்டினார்.

மேஸ்திரி குடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஏம்மா, எனக்காகவா உன் வேலையை வுட்டே?" மேடம் என்றே கூப்பிட்டுப் பழகிய வாயில் அன்றைக்கு அம்மா வந்துவிட்டது.

"உங்களுக்காக இல்லைங்க மேஸ்திரி. நீங்க தப்பு பண்ணியிருந்தா அதையும் அப்படியே படிச்சிருப்பேன்."

மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். மேடம் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்து போனார். "ஒரு பேச்சுக்காவது ஆமான்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் மேஸ்திரி என்னிடம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு ஒரு பேச்சுக்கு என்று எதையும் சொல்ல வராது. அப்படிச் சொல்ல வந்திருந்தால் மேஸ்திரிக்கு அன்றைக்கு விடுதலையும் வந்திருக்காது. இதை மேஸ்திரிக்கு எடுத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. காண்ட்ராக்டர்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். தங்கமான மனுஷி, கை சுத்தம், வேலை தெரிந்தவர் என்பார்கள். ஆளை மட்டும் எடுக்க மாட்டார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் பழைய நோட்டுகளை மட்டும் எல்லோரும் தேடிப் போனார்கள். அவர் வேலை பார்த்த கட்டடம் எதிலாவது சண்டை வந்தால், "அன்னைக்கு என்ன நடந்ததுன்னு பாத்துச் சொல்லுங்க மேடம்" என்று போன் போகும். காண்ட்ராக்டரே இரண்டு தடவை போனார் என்று கேள்வி. நானும் ஒரு தடவை போனேன். அவரும் நானும் முன்னால் வேலை பார்த்த வேறொரு கட்டடத்து ஓனர் நான் எர்த் போடவே இல்லை என்று சாதித்ததால், அந்தப் பக்கத்தின் நகல் எனக்குத் தேவைப்பட்டது. வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "நல்லாதான் இருக்காங்க" என்றேன். "கேட்டீங்களா?" என்றாள். அவளும் எழுத ஆரம்பித்துவிட்டாளோ என்று தோன்றியது.

அடுத்த வருஷத் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவளே அதிரசத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க, போய்ட்டு வரலாம்" என்றாள். இரண்டு பேரும் வண்டியில் போனோம். மாடி ஏறிக் கதவைத் தட்டினோம். திறந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்க. எந்த சைட்டுங்க?"

"சைட் எதுவும் இல்ல மேடம்."

"பரவால்ல, சொல்லுங்க. எந்த வருஷம்?" என்று பேசிக்கொண்டே திரும்பி, சுவரலமாரிப் பக்கம் நடந்தார். கதவைத் திறந்து நோட்டுகள்மேல் விரலை ஓட்டினார். "தேதி தெரியலன்னாலும் பரவால்ல. மழைக்கு முன்னாடியா, அப்புறமான்னு சொன்னா போதும், எடுத்துடலாம்."

"ஒண்ணும் வேணாம் மேடம். சண்டை ஒண்ணும் இல்ல."

அவர் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். முகத்தில் கோபமோ கேலியோ எதுவும் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அப்ப எதுக்குங்க வந்தீங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். "உங்களைப் பாக்கத்தாங்க வந்தோம்" என்றாள் என் மனைவி.

அவர் அலமாரிக் கதவை மூடினார். சரியாக மூடவில்லை என்று மறுபடி திறந்து மூடினார். "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான், அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி என்பது அவருக்கும் தெரிந்தது போலிருக்கிறது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரில் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள், நானும் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் மனைவி நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.